குழாயில் வந்த ஆள்

போரில் எதிரி நாட்டிடம் பிடிபட்ட கப்பலில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஒச்சப்பனை, போர்க்கைதி முகாமில் ஒரு பித்தளைக் குழாய்க்கு முன்னால் நிறுத்தினார்கள். உலகத்து மொழிகளையெல்லாம் மெழுகுத் தட்டில் பிடித்துவைக்க வந்திருந்த பேராசிரியருக்கு அர்த்தம் வேண்டியதில்லை, ஒலி போதும்.

"வீட்டுல பேசுற மாதிரி பேசு. கடல் தாண்டியும் கேக்கும்" என்றார் துபாஷி.

ஒச்சப்பன் குனிந்தான். "செல்லாயி, புள்ள நடக்குதா?"

பிறகு குழாயில் காதை வைத்துக் காத்திருந்தான். பதில் வரவில்லை.

"அந்நிய ஆம்பளைக நிக்கையில அவ எப்பிடிங்க வாயத் தொறப்பா? ஐயாவக் கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க."

துபாஷி அதை மொழிபெயர்க்கவில்லை.

பதிந்ததைப் போட்டுக் காட்ட மறுவாரம் அவனைக் கூப்பிட்டார்கள். முள் தட்டில் இறங்கியது. மூக்கடைத்த மாதிரி, அவன் இதுவரை கேட்டேயிராத ஓர் ஆணின் குரல் குழாயிலிருந்து வந்தது.

"செல்லாயி, புள்ள நடக்குதா?"

பேராசிரியர் பெருமையோடு அவன் முகத்தைப் பார்த்தார். ஒச்சப்பன் குழாயை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தான்.

"யார்றா நீ? என் வீட்டுல ஒனக்கு என்னடா வேலை?"

பேராசிரியர் அவசரமாகப் புது மெழுகுத் தட்டை எடுத்து வைத்தார். இந்த மொழியில் கோபம் எப்படி ஒலிக்கும் என்பது இன்னும் அவர் சேகரிப்பில் இல்லை.