முரண்டு நீக்கிய கரு

கரு ஐந்து நாள் வயதில் இருக்கும்போதே முரண்டு பிடிக்கும் குணத்தை நீக்கி, கோவேறு கழுதைகளை உருவாக்கி விற்றது ஒரு நிறுவனம். கொடைக்கானல் மலையில் சுமையேற்றும் சடையாண்டி அதில் ஒன்றை வாங்கியிருந்தார்.

மூடுபனியில் பாதை சரிந்திருப்பது தெரியாமல், மகள் தமயந்தி ஏறியிருந்த கழுதையை அவர்தான் "நட" என்று தட்டினார். பழைய கழுதையாக இருந்தால் காலை ஊன்றி நின்றிருக்கும். இது சொன்னபடி நடந்து, அவளோடு பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் தமயந்தியின் உடல் கிடைத்தது.

"நீங்க 'நட'ன்னீங்க, நடந்துச்சு. எங்க தப்பு என்னங்க?" என்றார், நியாயம் கேட்டு வந்த சடையாண்டியிடம் அந்த நிறுவனத்தின் மேலாளர்.

"போகக்கூடாதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கணும்யா! அந்தப் புத்தியத்தான கருவுலயே புடுங்கிட்டீங்க!"

"வேற கழுதை தர்றோம்."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தட்டுகளில் புதிய கருக்கள் வளர்ந்துகொண்டிருந்தன. சடையாண்டி நாற்காலியைத் தூக்கி, கண்ணாடி உடையும் வரை அடித்தார்.