கிருமி வளரவில்லை

படுக்கையில் கிடக்கிறவர் பொய் சொல்கிறார் என்று பூதக்கண்ணாடிக்குப் பட்டுவிட்டது. அப்படிப் பட்டுவிட்டால் லேசில் விடமாட்டாள். இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரி லேபில் கிருமி தேடுகிறவளுக்கு நர்சுகள் சும்மாவா அந்தப் பேரை வைத்தார்கள்?

"மறுபடியும் கேக்குறேன் சார். எலி ஏதாவது கடிச்சுதா?"

"எலி இருந்தா கடைக்கே சீல் வைக்கிறவன் நான். என்கிட்ட வந்து எலிக்கதை பேசுறீங்களா?"

அவர் உணவு ஆய்வாளர். கடைக்காரர்களுக்குச் சிம்ம சொப்பனம். ஒன்பது நாள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தும் குரலில் அதிகாரம் குறையவில்லை.

மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள். கட்டைவிரல் ஓரத்தில் ஆறிப்போன இரண்டு சின்ன வடுக்கள். கேட்டால் தகரம் கிழித்ததாம். எந்தத் தகரத்துக்கு ஜோடியாகப் பல் இருக்கிறது?

மூன்று தடவை அவர் ரத்தத்தை வளர்ப்புப் புட்டியில் விட்டுப் பார்த்தாகிவிட்டது. மூன்றிலும் கிருமி வளரவில்லை என்று அவள்தான் எழுதிக் கொடுத்தாள். கிருமி இல்லையென்றால் வாத நோய்தான் என்று முடிவுகட்டிய டாக்டர், நாலு மணிக்கு ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லியிருந்தார். உடம்பில் கிருமி இருந்து, அந்த ஊசியும் ஏறினால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

அவளுக்கே இன்று காலைதான் சந்தேகம் வந்தது. புதிதாக வந்த புட்டிப் பெட்டியில் இருந்த குறிப்புத் தாளை, டீ ஆறும்வரை பொழுதுபோகாமல் பிரித்துப் படித்தாள். பொடி எழுத்தில் ஒரு வரி. ரத்தம் உறைந்துவிடக் கூடாது என்று புட்டியில் கலந்திருக்கும் மருந்து, சில கிருமிகளை வளரவே விடாதாம். எலிக்கடியில் வரும் கிருமியும் அந்தப் பட்டியலில் இருந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டாக்டரிடம் ஓடினாள். எலி கடித்தது என்று அவர் வாயால் சொல்லட்டும், ஊசியை நிறுத்துகிறேன் என்றுவிட்டார் டாக்டர். இவரானால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். மணி மூன்றேகால்.

கொதித்துப்போய் வெளியே வந்தாள். வராந்தா பெஞ்சில் பிளாஸ்க்கும் கையுமாக ஒரு பேக்கரிக்காரர் மூன்று நாளாகக் காத்துக் கிடந்தார். ஆய்வாளரைக் காக்கா பிடிக்க வந்தவர் என்று வார்டே சிரித்துக்கொண்டிருந்தது.

"உங்க ஆபீசருக்கு உயிரை விட கௌரவம் பெருசா இருக்கு," என்று அவரிடம் வெடித்தாள். புட்டி, மருந்து, எலி என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. பிளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

"என் குடோன்லதான் மேடம் கடிச்சுது. சோதனைக்கு வந்தப்போ. பதினோரு பேர் பொழைக்கிற இடம், சீல் வெச்சுடாதீங்கன்னு கெஞ்சினேன். ஒரு மாசத்துல சுத்தம் பண்ணு, நான் எதையும் பாக்கலன்னாரு. அந்த வாக்கைத்தான் காப்பாத்திட்டு இருக்காரு."

கடித்ததைக் கண்ணால் பார்த்தவரே இருக்கிறார் என்று அவள் டாக்டருக்குப் போன் போட்டாள். ஐந்தே நிமிஷத்தில் ஸ்டீராய்டு ஊசி நின்றது. எலிக்கடிக்கு உரிய மருந்து ஏறத் தொடங்கியது. உறையாமல் தடுக்கும் அந்த மருந்து கலக்காத புட்டியில் புதிதாக ரத்தம் எடுத்துக்கொண்டாள். ஆய்வாளர் அவளைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொடுத்த வாக்குக்காக உயிரையே விடப் பார்த்த மனிதரையா கௌரவம் பார்க்கிறவர் என்று திட்டினோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கமும் சேர்ந்து பேக்கரிக்காரர் மேல் கோபமாகத் திரும்பியது.

"மூணு நாளா இங்கயே உக்காந்திருந்தீங்களே, ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா? அவர் உயிரை விட கடை பெருசாப் போச்சா?"

"கடையை நானே இழுத்து மூடிட்டேன் மேடம். உள்ள சுத்தம் பண்ணிட்டு இருக்காங்க. கடைக்காக மறைக்கல. இந்தக் காய்ச்சலுக்கும் எலிக்கும் சம்பந்தமே இல்லன்னு நினைச்சுட்டேன்."

"எந்த மேதாவி சொன்னான் அப்படி?"

 அவர் பர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"ரெண்டு மாசம் முன்னாடி அதே குடோன்ல என் தங்கச்சியக் கடிச்சுது. இதே காய்ச்சல், இதே வார்டு. எலி கடிச்சுதுன்னு முதல் நாளே சொன்னோம். மூணு தடவை ரத்தம் பாத்து, கிருமியே இல்லன்னு இந்த பேப்பர் வந்துது. அப்போ எலி காரணமில்லன்னு சொல்லி, நீங்க இப்போ நிறுத்தினீங்களே, அந்த ஊசியைத்தான் போட்டாங்க. மூணாம் நாள் போயிட்டா."

அவள் தாளைப் பிரித்தாள். கீழே இருந்தது அவளுடைய கையெழுத்து. அது யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

"படிச்சவங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தது, பொய்யாவா இருக்கும்னு நம்பிட்டேன் மேடம்," என்றார் அவர்.