பக்க வலையில் ஒரு கிழிசல்

தேவேந்திரன் செல்போன் திரையை வெயில் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பார்க்கிறார். ஏரிக்கரைத் திடலில் இரண்டு குப்பத்து ஆட்களும் அவரை நெருக்கி நிற்கிறார்கள். வியர்வை நாற்றத்தில் மூச்சு முட்டுகிறது. தன் குப்பத்துக் கார்த்திக் கடைசியாக அடித்த பந்துக்குக் கோல் என்று விசில் ஊதிய நடுவர் அவர்தான். எதிர்க் குப்பத்து ஆள் எடுத்த வீடியோ வேறு கதை சொல்கிறது. கோல் கம்பத்தில் கட்டியிருப்பது கழித்துப்போட்ட நண்டு வலை. கம்பத்துக்கு வெளியே போன பந்து, வலையின் பக்கவாட்டுக் கிழிசல் வழியாக உள்ளே விழுகிறது. திரும்ப ஓட்டிப் பார்க்கிறார். திரும்பவும் அப்படியே விழுகிறது. “இன்னா மாமா, சினிமாவா பாக்குறே? கோல்னு சொல்லிட்டுக் கெளம்பு” என்கிறான் கார்த்திக். அவர் தோளில் போட்ட கை இறுகுகிறது. “சொந்த ஊரையே கவுத்துட்டு அப்பால எங்க போயி வலை போடுவே நைனா?” என்று குப்பத்துத் தலைவர் ரங்கன் மெதுவாகத்தான் கேட்கிறார்.

ஓரம் பேசமாட்டேன் என்று காலையில் இரண்டு குப்பத்துக்கும் நடுவில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறார் தேவேந்திரன். “கோல் இல்ல” என்கிறார். எதிர்க் குப்பம் கத்திக் குதிக்கிறது. அவர் ஊர்க்காரர்கள் ஏரிக்கு அக்கரையில் இருக்கும் தங்கள் குப்பத்துக்குத் திரும்பப் படகில் ஏறுகிறார்கள். அவர் முழங்கால் தண்ணீரில் ஓடிப் படகின் விளிம்பைப் பிடிக்கிறார். உள்ளே மனைவி சரோஜா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாள். ரங்கன் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, இன்ஜினைக் கிளப்பச் சொல்கிறார்.