ஆட்டுக்குத் தண்ணீர்

செத்தவளிடம் திருடப் போகிறவன் தொப்பியைக் கழற்ற வேண்டுமா, வேண்டாமா? எனக்குத் தெரியவில்லை. போட்டுக்கொண்டே நின்றேன்.

விடிந்தும் விடியாத நேரம். கடலிலிருந்து ஏறி வந்த மூட்டம் பள்ளத்தாக்கை அடைத்திருந்தது. தார்ச்சாலையில் இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கம் நாலடி. அவ்வளவுதான் உலகம்.

சாலையோரத்தில் கோழிக்கூடு அளவுக்கு ஒரு சின்னக் கோயில். உள்ளே மண்ணால் செய்த ஒரு பெண், படுத்த வாக்கில். மாரில் பிள்ளை. புருஷனைத் தேடிப் பாலைவனத்தில் நடந்து தாகத்தில் செத்தவளாம். செத்த பிறகும் பிள்ளைக்குப் பால் சுரந்ததாம். லாரி ஓட்டுகிறவர்கள் அவளுக்குப் பாட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டுப் போவார்கள். அந்தத் தண்ணீரில் கை வைத்தால் நாக்கு வறண்டுதான் சாவு என்று ஊரில் சொல்வார்கள்.

எனக்கு நம்பிக்கை கிடையாது. பாதிரியாரையே நம்பாதவன் நான்.

ஆனால் பாட்டில்கள் இருந்தன. கழுத்துவரை நிறைந்து, அந்த வெளுப்பில் ஏற்றாத விளக்குகள் மாதிரி.

வீட்டில் என் ஆடு நேற்று இரண்டு குட்டி போட்டது. மடி சுருங்கிக் கிடக்கிறது. நாக்கு மரக்கட்டை. அரசாங்கத் தண்ணி லாரி இரண்டு வாரமாக வரவில்லை. கேட்டால், டிரைவர் மாறிவிட்டான் என்கிறார்கள். டிரைவர் மாறினால் லாரிக்கு வழி மறந்துபோகுமா? இன்று தண்ணீர் குடிக்காவிட்டால் தாயும் போகும், குட்டிகளும் போகும்.

தண்ணீர் இல்லாத இடமில்லை இது. மேலே சரிவு முழுக்கக் கம்பெனியின் அவகாடோ தோட்டம், பச்சைப்பசேலென்று. உச்சியில் கறுப்பு பிளாஸ்டிக் விரித்த குளம், ததும்பத் ததும்ப. எங்கள் ஆற்றைக் காகிதத்தில் எழுதி வாங்கி, குழாய் வைத்து மேலே ஏற்றிக்கொண்டார்கள். ஒருநாள் இரக்கப்பட்டு ஒரு லாரி தண்ணீர் அனுப்பினார்கள், கூடவே போட்டோ பிடிக்க ஓர் ஆளையும். மறித்துத் திருப்பி அனுப்பினோம். முதல் கல் நான் எறிந்தது. அவர்கள் தண்ணீரில் ஒரு சொட்டும் தொடமாட்டோம் என்று காய்ந்த ஆற்றுக்குள் நின்று ஊரே சத்தியம் செய்தது.

"பெரிய ரோஷக்காரன்யா நீ! ஆடு செத்தா உன் ரோஷத்தையா கறக்கப் போற?"

கிளம்பும்போது சுனில்டா கேட்டது. என் மனைவி. என்னைத் திட்டாமல் அவளுக்குப் பொழுது விடியாது.

ஒரு பாட்டிலை எடுத்தேன். ஈன்ற ஆட்டுக்கு, எங்கிருந்து வந்ததென்று தெரியாத தண்ணீரைக் கொடுக்கலாமா? மூடியைத் திருகி ஒரு வாய் நானே குடித்துப் பார்த்தேன்.

அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் ஆறு.

கல்லும் துருவும் சேர்ந்த அதே ருசி. அதற்குப் பின்னால் நாணல் வேரின் வாசம்.

கண்ணை மூடினேன். காலுக்கடியில் கூழாங்கற்கள் உருண்டன. முழங்கால்வரை குளிர்ந்தது. யாரோ அக்கரையிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டமாதிரி இருந்தது. இன்னொரு வாய் குடித்தேன். பிறகு இன்னொன்று.

எங்கிருந்தோ வருகிற லாரிக்காரன் எங்கள் ஆற்றை எப்படிப் பாட்டிலில் கொண்டுவருவான்?

கண்ணைத் திறந்தபோது மூட்டத்துக்குள் அவள் வந்துகொண்டிருந்தாள்.

மாரில் பிள்ளை வாய் வைத்திருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. மிதந்து வந்தாள்.

என் முழங்கால் தானாக மடிந்தது. தொப்பி எப்போது கைக்கு வந்ததென்று தெரியாது.

"ரெமிஹியோ ஐயா, எந்திரிங்க. தரையெல்லாம் ஈரம், மூட்டு பிடிச்சுக்கும்."

அப்புறம்தான் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் காதில் விழுந்தது. ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையால் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். யாஸ்னா. மேலே கம்பெனிக் குளத்துக்குக் காவல் இருக்கிறவனின் மனைவி. ஊரில் யாரும் அவளிடம் முகம் கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சு காலியாகிவிடும்.

வண்டிக்குள் போர்வை. போர்வைக்கடியில் பாட்டில்கள்.

ஒவ்வொன்றாக எடுத்து மண் பெண்ணின் காலடியில் வைத்தாள். கோயிலுக்குப் பின்னால் யாரோ கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த காலி பாட்டில்களை வண்டியில் அடுக்கினாள். பழகிய கை. தோட்டத்து கேட்டில் நிற்கிறவன் பிள்ளை வண்டியைச் சோதிக்க மாட்டான் போல. தெரிந்தால் புருஷனுக்கு வேலை போகும். குடியிருக்கிற வீடும் கம்பெனி வீடு.

திட்ட வாய் வந்தது. நன்றி சொல்லவும் வந்தது.

"நான் குடிக்கல. ஆட்டுக்கு."

அவள் என் தாடியைப் பார்த்தாள். சொட்டிக்கொண்டிருந்தது.

"தெரியும். ஊரே ஆட்டுக்குத்தான் எடுத்துட்டுப் போகுது."

பிள்ளையை மறு மாருக்கு மாற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினாள். மூட்டம் முதலில் வண்டியை எடுத்துக்கொண்டது, பிறகு அவளை. கிறீச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

கைக்கொள்ளும் அளவுக்குப் பாட்டில்களை அணைத்துக்கொண்டு நடந்தேன். தண்ணீர் நெஞ்சோடு சேர்ந்து அலம்பியது. வளைவு வரைக்கும் வந்த பிறகுதான் உறைத்தது.

எங்கள் ஊரில் இன்னும் ஆடு வைத்திருக்கிறவன் நான் ஒருவன்தான்.