கதவிடுக்கில் பெரியாயி

கதவைச் சாத்தினால் போதும், அடுத்த நிமிஷம் இடுக்கில் பெரியாயியின் தலை தெரியும்.

"அம்மா, வெளியில இருங்க. ஒங்க மருமககிட்ட தனியாத்தான் பேசணும்" என்றாள் நர்ஸ் அகஸ்டினா.

மருமகள் தயானிக்கு நாளைக்குக் கருத்தடை ஒப்பரேசன். அதற்கு முன் எல்லாவற்றையும் விளக்கி, அவள் வாயாலேயே கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். யாராவது கட்டாயப்படுத்தியது தெரிந்தால் ஒப்பரேசனே கிடையாது.

"அப்படி என்னத்த மிஸ் கேக்கப் போறீங்க? எங்க காலத்துல காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல நிக்கையில பேரு கூப்பிட்டாங்க. ஒப்பரேசனுக்குன்னு லொறியில ஏறுனோம். நமுனுகுலையில இருந்து பதுளை வரைக்கும் ஒரே பாட்டுத்தான். என்னா குளிரு, என்னா சிரிப்பு. அது ஒரு காலம்."

அந்த லொறியை அகஸ்டினா மறப்பாளா? அவளும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தானே. சின்னப் பிள்ளையில் ரோட்டோரம் நின்று அதற்குக் கை காட்டியிருக்கிறாள். அவள் அம்மாவும் அதில் இருந்தாள், திருவிழாச் சேலை கட்டிக்கொண்டு. போகும்போது பாட்டுக் கேட்டது. திரும்பி வரும்போது கேட்கவில்லை. ஏனென்று அன்றைக்கு விளங்கவில்லை.

ஆனால் இந்த மாமியார் இருக்கிறாரே! மருமகளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்திருப்பார், வேறென்ன. அகஸ்டினா கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

"தயானி, இது பண்ணுனா பொறகு பிள்ளை கெடைக்காது. தெரியுமா?"

"தெரியும் மிஸ்."

"லூப் இருக்கு, ஊசி இருக்கு. அதுல ஒண்ணு போதாதா?"

"யோசிச்சிட்டேன் மிஸ். மூணு பிள்ளைங்க இருக்கு. போதும்."

"ஒன் சொந்த விருப்பந்தானா? இல்ல, அத்தை சொல்லி வந்தியா? பயப்படாம சொல்லு."

தயானி சிரித்துவிட்டாள்.

"அத்தையா? மாசக்கணக்கா அவங்க தொல்லை தாங்கல மிஸ். அடுப்படியில, கொழுந்து மலையில, எங்க பார்த்தாலும் 'ஒனக்கு வேணுமா, வேணாமா, நல்லா யோசி'ன்னு தொணதொணப்பு. ஒங்க மகனும் சரின்னுட்டாருன்னு சொன்னா, 'அவன விடு, ஒன்னயத்தான் கேக்குறேன்'ங்கிறாங்க."

அகஸ்டினாவுக்கு முகம் சுண்டிப்போனது. எழுதி முடித்துக் கதவைத் திறந்தாள். காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார் பெரியாயி.

"முடிஞ்சிரிச்சும்மா. கூட்டிட்டுப் போங்க."

பெரியாயி போகவில்லை. உள்ளே வந்து, தயானி எழுந்த நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தார்.

"என்னயும் ஒருக்கா கேளுங்க மிஸ்."

"எதம்மா?"

"கடைசியா கேட்டீங்களே, அத. அன்னிக்கு எங்கள யாரும் கேக்கல."

அகஸ்டினா மூடிய பேனாவை மறுபடி திறந்தாள். தன் அம்மாவிடம் கேட்பதுபோலவே கேட்டாள்.

"இது ஒங்க சொந்த விருப்பந்தானாம்மா?"

"இல்லீங்க" என்றார் பெரியாயி. "எனக்கு இன்னொரு பிள்ளை வேணும்னு இருந்திச்சு. எழுதிக்குங்க."