வாப்பா வாய் திறக்கவில்லை

"வாப்பா, மிஸ் வந்தா நீங்க வாயே திறக்கக் கூடாது. எல்லாம் நான் பேசிக்கிறேன்" என்றாள் ரிப்கா.

கடைக்குக் கொண்டுபோக ஒரு பையைக் கட்டிக்கொண்டிருந்த அவள் தகப்பன் நளீர், சரி என்று தலையாட்டினார். கொஞ்ச நாளாகவே காலையில் இப்படி ஒரு பை போகிறது. என்ன ஏது என்று கேட்க, கல்யாணக் கனவில் மிதப்பவளுக்கு எங்கே நேரம்?

பன்வில பஸாரில் கடை வைத்திருப்பவருக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை. அதிலும் அது பொய் சொல்லத் தெரியாத வாய். அதுதான் ரிப்காவின் பயம்.

வீட்டுக்குப் பின்னால் இறங்கும் சரிவில் அவளுக்கென்று புது வீடு வரவேண்டும். வீடு எழும்பினால்தான் நிக்காஹ் என்று மாப்பிள்ளை ஸாகியின் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். பிரதேச சபை அனுமதி தந்தால்தான் வீடு எழும்பும். போன மழைக்கு எதிர்மலை சரிந்ததிலிருந்து, ஊற்று உள்ள சரிவில் சபை ஒரு கல் வைக்கவும் விடுவதில்லை.

இவர்கள் சரிவில் ஊற்று இருந்தது. விடியற்காலையிலேயே ரிப்கா அதைக் கல்லும் மண்ணும் போட்டு மூடிவிட்டாள். வாப்பா போன வாரம் வெட்டிப்போட்ட பலாக் கிளையின் காய்ந்த இலைகளை அள்ளி மேலே பரப்பினாள். மூடின பிறகும் அவள் காதுக்குள் அது சலசலத்துக்கொண்டே இருந்தது.

சபையிலிருந்து இடம் பார்க்க வந்த நிஷாந்தினி மிஸ் சரிவில் இறங்கும்போது மூட்டம் கலையவில்லை. மரமும் மண்ணும் எது எங்கே என்று தெரியாத வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ரிப்காவுக்கு மட்டும் வீடு தெரிந்தது.

"மிஸ், அது சுவர். இப்படி வாங்க, கதவு இங்க இருக்கு."

மிஸ் சிரித்தாள். ஆனாலும் சுற்றிக்கொண்டு வந்து, இல்லாத கதவு வழியாகவே உள்ளே நுழைந்தாள்.

"இது குசினி, அடுப்பு இங்க வரும். இது எங்கட அறை. இந்த ஜன்னலத் திறந்தா ஹுன்னஸ்கிரிய மலை அப்பிடியே தெரியும். வாப்பாட வீட்டு ஜன்னல்ல பலா மரம் மட்டும்தான் தெரியும் மிஸ்."

"மலை எங்க? ஒண்ணும் தெரியலையே."

"மூட்டம் போனா தெரியும்."

இருவரும் கட்டப்படாத அந்த அறையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார்கள். ரிப்காவுக்குத் திரைச்சீலைகூட ஆடுவது போலிருந்தது.

"இந்தப் பக்கம் ஊற்று ஏதும் இருக்கா தங்கச்சி?"

"இல்ல மிஸ்" என்றாள், காய்ந்த இலைகளின் மேல் நின்றபடியே.

வீட்டுக்கு ஏறி வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. காலையிலிருந்து கரண்ட் இல்லை, ஃபேன் சுற்றாது என்று ரிப்கா சொல்ல, மிஸ் விறாந்தைக் கதிரையில் சாய்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். நளீர் உள்ளே போனார். போனவரைக் கொஞ்ச நேரம் காணவில்லை. பிறகு ஒரு கிளாஸோடு வந்தார்.

ஒரு மிடறு குடித்ததும் மிஸ் நிமிர்ந்தாள்.

"பல் கூசுதே. காலையிலேர்ந்து கரண்ட் இல்லன்னீங்க, இது எப்படி இவ்வளவு குளிர்?"

நளீர் வாய் திறக்கவில்லை. தரையை மட்டும் பார்த்தார். பின்வாசலிலிருந்து கதிரை வரை அவருடைய ஈரக் காலடிகள் வந்திருந்தன.

மிஸ் எழுந்து அந்தக் காலடிகளைப் பார்த்துப் பார்த்துப் பின்பக்கம் இறங்கினாள். திரும்பி வந்தபோது அவள் செருப்பெல்லாம் ஈரம்.

"தங்கச்சி, இங்க வீடு கட்ட விட மாட்டேன். கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ரிப்கா அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள்.

"குழாய்த் தண்ணி மேசையில வெச்சிட்டுத்தானே போனேன் வாப்பா."

"நான் வாய் திறக்கல்லியே மகள்."

அப்போதுதான் அவருடைய கையைக் கவனித்தாள். முழங்கை வரைக்கும் சேறு. அவள் போட்ட கல்லையெல்லாம் பிரட்டித்தான் அந்தத் தண்ணீரை அள்ளியிருக்கிறார். தெரியாமல் நடந்ததில்லை.

"எதிர்மலை சரிஞ்ச அண்டைக்கு நம்மட ஊற்றும் கலங்கித்தான் வந்திச்சு. அதுக்கு மேல உன்னப் படுக்க வெச்சிட்டு நான் எப்பிடித் தூங்குற? வேணாம்னு நான் சொன்னா நீ அழுவாய். அத எனக்குத் தாங்க ஏலாது. அதான் சபையே சொல்லட்டும்னு விட்டேன்."

"இப்பவும் அழுறேன்தானே. அப்ப என்ட கல்யாணம்?"

"ஸாகிட வாப்பாட்ட நேத்தே பேசிட்டேன். அவருக்குச் சம்மதம். எனக்குக் கடைக்கு மேல ஒரு அறை ஈக்குது, அது போதும்."

ஒன்றும் விளங்காமல் நின்றவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் அறைக் கதவைத் திறந்தார். அலுமாரியில் அவர் உடுக்கிற ஒரு சாரம்கூட மிச்சமில்லை. பலாக் கிளை மறைத்திருந்த ஜன்னல் நிறைய ஹுன்னஸ்கிரிய மலை நின்றது.