மன்னிப்புப் பிரிவு

செண்பகவல்லி சமுதாயக் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படித்துவிட்டு, மின்விநியோக நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாள். அங்கே எல்லா வேலைகளையும் இயந்திரங்களே பார்த்துக்கொண்டன. அவை தவறு செய்தால் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்பதுதான் மனிதர்களுக்கு மிஞ்சிய ஆரம்பநிலை வேலை. கல்லூரியிலும் அதற்குத்தான் அதிக மதிப்பெண்.

முதல் நாளே அவள் கணவன் காசிராஜன் புகார் எண்ணில் அழைத்தான். வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பவன் அவன்.

"மேடம், ஆளில்லாத வீடுன்னு எங்க கரண்டைப் புடுங்கிட்டீங்க. மாவு பாதியில நிக்குது!"

"என்னங்க, நான்தான் பேசுறேன்."

"செம்பகமா? நல்லதாப் போச்சு. சீக்கிரம் கனெக்‌ஷனைக் குடு."

"அது மெஷின்தாங்க குடுக்கணும், நாளாகும். என்னால மன்னிப்பு மட்டும்தான் கேக்க முடியும்."



"சரி, கேளு. கல்யாணமானதுலேருந்து நீ கேட்டதே இல்லையே."

கல்லூரியில் படித்தபடியே தழுதழுத்த குரலில் ஆரம்பித்தாள். பாதியில் அழுகை நிஜமாகவே வந்துவிட்டது. அவன் நெகிழ்ந்துபோய் ஐந்து நட்சத்திரம் கொடுத்தான். அன்றே அவள் வேலை நிரந்தரமானது.

வீடு திரும்பியபோது மாவு முழுவதும் புளித்துப் பொங்கியிருந்தது. இருட்டில் உட்கார்ந்திருந்தவனிடம் செய்தியைச் சொன்னாள்.

"அந்தக் காலேஜ்ல எனக்கும் ஒரு சீட் கிடைக்குமா?" என்று கேட்டான் காசிராஜன்.